ஆட்டோவுக்கு பில் உண்டா?

ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று கம்பெனிகள் இப்போது அக்கறையாக விசாரிக்கின்றன. விசாரித்துவிட்டு ஒரு செயலியைக் கொடுக்கின்றன. போகிறவர் கேட்டதென்னவோ தனி அறையும், கையில் கொஞ்சம் முன்பணமும்தான்.

சென்னைக்காரருக்கு பெங்களூரில் மீட்டிங் என்று வையுங்கள். விடியற்காலையில் சென்ட்ரலில் வந்தே பாரத் ஏறினால் சிற்றுண்டி சீட்டுக்கே வரும். பத்தரை வாக்கில் ஊருக்குள் இறங்கிவிடலாம். மேனேஜருக்கோ விமானம்தான் கௌரவம். ஒரு மணி நேரம் பறந்து தேவனஹள்ளியில் இறங்கி, எலெக்ட்ரானிக் சிட்டி போய்ச் சேர அதைவிட அதிக நேரம் டாக்சியில். அங்கே வாடிக்கையாளரே கேட்பார்: "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? போன்லயே பேசியிருக்கலாமே!"

பிறகு அக்கவுண்ட்ஸ். ஓட்டல் பில்லில் கம்பெனியின் ஜிஎஸ்டி எண் இல்லையென்றால் கிளெய்ம் திரும்பி வரும். கர்நாடக ஓட்டல் அறைக்குப் போடும் ஜிஎஸ்டியை, தமிழ்நாட்டில் மட்டும் பதிவுள்ள கம்பெனி உள்ளீட்டு வரியாகக் கழிக்கவே முடியாது. அது அவர்களுக்கும் தெரியும் (தெரியாமலா அந்த நாற்காலியில் இருக்கிறார்கள்?). இருந்தாலும் எண் வேண்டும்.

"சரி சார், ஆட்டோவுக்கு பில் எங்கே?"

மீட்டருக்கு மேல் நூறு ரூபாய் கேட்ட ஆட்டோக்காரரிடம் ரசீதும் கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அவர் சிரித்த சிரிப்பை ஸ்கேன் செய்து இணைக்கச் செயலியில் இன்னும் வசதி வரவில்லை.