கடை போனது, பலகை நின்றது

அமெரிக்காவில் ‘ஸ்போர்ட்ஸ் அத்தாரிட்டி’ என்றொரு கடை. கூடாரம், தூண்டில், மலையேறும் ஷூ எல்லாம் விற்றது. 2006இல் அதை வாங்கிய முதலீட்டாளர்கள், வாங்குவதற்காகப் பட்ட கடனைக் கடையின் தலையிலேயே கட்டினார்கள். என்ன கெட்டிக்காரத்தனம்! 2016 மார்ச்சில் திவால் மனு. அந்த ஆண்டே 450க்கும் மேற்பட்ட கிளைகளுக்குப் பூட்டு. கடையின் பெயர் சூட்டப்பட்டிருந்த டென்வர் மைதானத்தின் நெற்றியில் மட்டும் அந்தப் பெயர் 2018 பிறக்கும்வரை ஜொலித்தது.

திருவனந்தபுரத்துக்காரர்கள் சிரிக்க வேண்டாம். நம் காரியவட்டம் மைதானத்தைக் கட்டிய ஐ.எல்.&எஃப்.எஸ். குழுமமும் கடனில் மூழ்கியது அதே 2018இல்தான்.

எதற்கும், அகஸ்தியர்கூடம் ஏறப்போகிறவர்கள் ஷூவைச் சாலை பஜாரில் வாங்குங்கள். அங்குள்ள கடைக்காரர்களுக்கு மைதானத்துக்குப் பெயர் சூட்டும் ஆசை கிடையாது.