தேடுபொறிப் பாயிரவியல்: ஒரு முறுக்குக் கடையை முன்வைத்து

பாயிரம் இல்லாத நூல் எத்தனை விரிந்தாலும் நூலாகாது என்பது நன்னூலார் கட்சி. பவணந்தி முனிவர் காலத்தில் கூகுள் கிடையாது. இருந்தும், தேடல் முடிவில் நீல எழுத்தில் வரும் ஒற்றை வரித் தலைப்பையும் அதன்கீழே பொடி எழுத்தில் வரும் இரண்டு வரி விவரத்தையும் மனத்தில் வைத்தே அவர் பாயிரவியல் செய்தார் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். மறுப்போர் கடைசி வரை பொறுத்திருக்கவும்.

சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் வேண்டும் என்பது அவர் விதி. அவற்றுள் நூலின் பெயர் தலைப்புக்கு உரியது. என்ன பொருள், யாருக்கு, படித்தால் என்ன பயன் என்னும் மூன்றும் விவர வரிகளுக்கு உரியவை. எல்லை மட்டும்தான் மாறிவிட்டது. அன்று வேங்கட மலையும் குமரியும். இன்று கணினித் திரையில் ஏறத்தாழ 600 பிக்சல். அதைத் தாண்டினால் தலைப்பு வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகள் விழும். ஆய்தத்தைத் தொல்காப்பியர் முப்பாற்புள்ளி என்றார். தேடுபொறி இடுவதும் அதே ஆய்தம்தான், வெட்டுப்பட்ட அதிர்ச்சியில் படுத்துவிட்டது என்பது என் துணிபு.

ஆய்வுக்குரிய மூலம் ஒன்றே ஒன்று: மணப்பாறையில் என் மாமனார் நடத்தும் முறுக்குக் கடையின் இணையப் பக்கம். முதலில் அதன் தலைப்பு 'முகப்பு' என்று இருந்தது. பக்கம் கட்டிக் கொடுத்த தம்பி அதற்குமேல் யோசிக்கவில்லை. நூலுக்குப் பெயர் வரும் வழிகளில் இடுகுறியையும் நன்னூல் சேர்த்திருப்பதால் இது இலக்கணப்படி வழுவன்று. வியாபாரப்படி பெருவழு. 'முகப்பு' என்று தேடி முறுக்கு வாங்க வருவார் எவரும் இலர்.

நான் குறை சொன்னதும் மாமனாரே பேனாவை எடுத்தார். ஸ்ரீ, குலதெய்வத்தின் பெயர், அவருடைய அப்பா பெயர், அண்ட் சன்ஸ், கடை தொடங்கிய ஆண்டு, அதன்பிறகு முறுக்கு. தேடிப் பார்த்தோம். முறுக்கு வருவதற்குள் முப்பாற்புள்ளி வந்துவிட்டது. செய்தவன் பெயரால் நூல் வழங்குவது அகத்தியத்துக்கும் தொல்காப்பியத்துக்கும் சரி. மாமனாரின் அப்பாவை மணப்பாறை தாண்டி யாருக்குத் தெரியும்? இதை அவரிடம் நான் கேட்டிருக்கக் கூடாது.

இங்கே எழுத்ததிகாரத்துக்குள் சற்று நுழைய வேண்டும். தலைப்பு 60 எழுத்து, விவரம் 160 எழுத்து என்று ஊரெங்கும் ஒரு வாய்பாடு நடக்கிறது. எந்த எழுத்து என்று ஒருவரும் கேட்பதில்லை. 'முறுக்கு' இலக்கணத்துக்கு நான்கு எழுத்து. மாத்திரை எண்ணினால் மூன்று. கடைசி உகரம் குறுகி அரையாகிவிடுகிறது. யூனிகோடு உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி எட்டு என்கிறது. மாமனாரின் ஸ்ரீ கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு நான்கு. தேடுபொறியோ இந்த மூன்று கணக்கையும் ஒதுக்கிவிட்டு, திரையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்றே பார்க்கிறது. தமிழ் எழுத்து இடுப்பு பெருத்தது; ஆங்கிலத்துக்குச் சொன்ன 60 நமக்குச் செல்லாது. எண்ணுவதை விட்டுவிட்டு, விற்கும் பொருளை முதல் இரண்டு மூன்று சொல்லுக்குள் சொல்லிவிடுவதே வழி. மேலும், அளவு நிலையாக இருப்பதுமில்லை. 2017 டிசம்பரில் கூகுள் விவர வரிகளை 300 எழுத்துக்கு மேலும் நீளவிட்டது. ஆளாளுக்கு இழுத்து இழுத்து எழுதினார்கள். 2018 மே மாதம் பழையபடி குறுக்கிவிட்டது.

விவரமே எழுதாமல் விட்டால் என்ன ஆகும் எனின், பொறி தானே பக்கத்திலிருந்து ஒரு வரியைப் பொறுக்கும் என்க. எங்கள் பக்கத்தில் அது பொறுக்கிய வரி: 'காலி டப்பாவைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் கழித்துக்கொள்ளப்படும்.' பழைய டப்பா எடுக்கும் கடை என்று நினைத்து இரண்டு பேர் போன் செய்தார்கள். எழுதிக் கொடுத்தாலும் அதையே காட்டும் என்ற உறுதி இல்லை. தேடியவர் கேட்டதற்கு வேறு வரி பொருந்தினால் அதை எடுத்துப் போடும். 2021 ஆகஸ்டில் தலைப்பிலும் கை வைத்தது. நாம் கொடுத்த தலைப்பு சரியில்லை என்று தோன்றினால் பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. பாடம் திருத்துகிற பதிப்பாசிரியர்கள் நமக்குப் புதியவர்களா என்ன.

நல்ல விவரம் எழுதினால் பக்கம் மேலே ஏறுமோ எனின், அற்றன்று. வரிசைக்கு அது கணக்கில்லை. பத்து முறுக்குக் கடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போது எதற்குள் நுழைவது என்று வாடிக்கையாளர் முடிவு செய்வது மட்டும் அந்த இரண்டு வரியில். குறிச்சொல் பட்டியலில் தம்பி 'முறுக்கு, முருக்கு, முறுகு' என்று நாற்பது சொல் திணித்து வைத்திருந்தான். அதை வரிசைக்குப் பார்ப்பதேயில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. முருக்கு என்பது சிவப்பாகப் பூக்கும் ஒரு மரம் என்பதை மட்டும் அவனிடம் சொல்லிவைத்தேன்.

நான் எழுதிக் கொடுத்த தலைப்பு: 'மணப்பாறை முறுக்கு, அரைக் கிலோ முதல்', அதன்பின் கடையின் பெயர். விவரம்: 'அரிசி மாவு முறுக்கு, இரண்டு முறை எண்ணெயில் பொரித்தது. காலையில் பிழிந்து மாலையில் கூரியரில் அனுப்புகிறோம். விலையும் அனுப்பும் ஊர்களும் உள்ளே.' ஆர்டர் வருகிறது. ஆனால் ஸ்ரீயும் குலதெய்வமும் கடைசிக்குப் போய், மாமனாரின் கைபேசியில் முப்பாற்புள்ளிக்குள் மறைந்துவிட்டார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. தீபாவளிக்கு முறுக்கு மட்டும் வந்தது. டப்பாவைத் திருப்பி அனுப்பச் சொல்லி மகளிடம் போனில் சொன்னாராம்.