அரசன் காதுக்கு எத்தனை வாசல்?

(இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அரண்மனைப் பக்கமே சுற்றுகின்றன. சரி, உள்ளே போய்விட்டே வருவோம்.)

செல்லூர் வாசகி: சீன சீரியல்களை டப்பிங்கில் பார்த்துப் பார்த்துத் தூக்கம் போச்சு. சதி, விஷம், சிறுவயது ராஜா, பின்னாலிருந்து ஆட்டிவைக்கும் மந்திரி... நம் மதுரை அரண்மனையில் இதெல்லாம் நடக்கவே இல்லையா?

நடக்காமல் என்ன? சீரியலாக எடுக்கத்தான் ஆளில்லை. 1659-இல் சொக்கநாத நாயக்கர் பட்டத்துக்கு வந்தபோது மீசை அரும்பும் வயது. நாட்டை நடத்தியவர்கள் மூன்று பேர்: படைக்குத் தளவாய், வரவு செலவுக்குப் பிரதானி, ஓலை எழுத ராயசம். பையனை ஓரங்கட்ட உள்ளேயே ஒரு சதி உருவானது. அந்தக் காலத்து ஏசு சபைப் பாதிரிமார் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் இந்தச் சங்கதி வருகிறது. சதி அம்பலமானதும் ஒருவருக்கு உயிர் போயிற்று, ஒருவருக்குக் கண் போயிற்று.

அதே சமயம் பெய்ஜிங்கில், 1661-இல், ஏழு வயது நிறையாத காங்சி பேரரசர் ஆனார். ஆட்டிவைத்தவர் ஓபோய் என்கிற பிரபு. 1669-இல் காங்சி தன்னோடு மல்யுத்தம் பழகிய பையன்களை விட்டே ஓபோயை அமுக்கிப் பிடித்தார். பிறகு 1722-இல் சாகும்வரை அவரை யாரும் ஆட்டிவைக்கவில்லை. நம் சொக்கநாதர் முதல் சதியில் ஜெயித்தார். கடைசிக் காலத்தில் சொந்தக் குதிரைப்படைத் தலைவன் ருஸ்தம் கானின் பிடியில் பொம்மையாக இருந்தார். ஒரு ஓபோயை விரட்டினால் போதாது. அடுத்தவன் வரும் கதவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலூர் வாசகர்: தளவாயிடம் படை இருக்கிறது, பிரதானியிடம் பணம் இருக்கிறது. வெறும் கடுதாசி எழுதும் ராயசத்துக்கு என்ன பெரிய அதிகாரம்?

நீங்கள் எந்த மந்திரியின் பி.ஏ.வையும் நேரில் பார்த்ததில்லை போலும். ராஜா சொன்னது நாட்டுக்கு எட்டாது. ராயசம் எழுதியதுதான் எட்டும்.

தஞ்சாவூர் ராயசம் வெங்கண்ணாவைப் பாருங்கள். 1673-இல் சொக்கநாதர் தஞ்சையைப் பிடித்தார், அதை ஆண்ட விஜயராகவ நாயக்கர் போரில் மாண்டார். தப்பிப் பிழைத்த குலவாரிசு செங்கமலதாசனை வெங்கண்ணா தேடிப் பிடித்து, பீஜப்பூர் சுல்தானிடம் முறையிட்டு, அவருடைய மராத்தியத் தளபதி ஏகோஜியைப் படையோடு வரவழைத்தார். பையனுக்குப் பட்டம் கிடைத்தது. வெங்கண்ணா எதிர்பார்த்த பதவி மட்டும் கிடைக்கவில்லை. சும்மா இருப்பாரா? “நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஏகோஜியின் காதில் ஓதினார். ஏகோஜியும் எடுத்துக்கொண்டார். தஞ்சை மராத்தியர் வசமான வரலாற்றில், பதவி கிடைக்காத ஒரு குமாஸ்தாவின் கோபமும் ஓர் அத்தியாயம்.

பழங்காநத்தம் வாசகர்: ராஜாவுக்குப் பொழுதுபோக்கு இருப்பது நாட்டுக்கு நல்லதா, கெட்டதா?

அந்த நேரத்தில் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. மிங் வம்சத்துத் தியான்சி (1620–1627) அருமையான தச்சர். இழைப்புளி பிடித்துவிட்டால் உலகம் மறந்துபோகும். அந்த நேரம் பார்த்துத்தான் வெய் சோங்சியான் என்ற அரவாணி அதிகாரி கோப்புகளைக் கொண்டுவந்து நீட்டுவாராம். “நீயே பார்த்துக்கொள்” என்பாராம் ராஜா. வெய்யும் நன்றாகவே பார்த்துக்கொண்டார். எதிரிகள் சிறையில் செத்தார்கள், வெய்க்கு ஊர் ஊராகக் கோயில் எழுந்தது. நாற்காலி செய்யத் தெரிந்தவருக்குத் தன் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியவில்லை.

ஆரப்பாளையம் வாசகர்: ராஜாவிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமானால் அவரைப் பார்க்க நல்ல நேரம் எது?

அவர் வீட்டுக்காரம்மா கோபமாக இருக்கும் நேரம். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனுக்கு இது தெரிந்திருந்தது. ஆடல் மகளிர் மேல் அரசன் கண் போனதால் கோப்பெருந்தேவி தலைவலி என்று எழுந்து போய்விட்டாள். சமாதானம் செய்ய நெடுஞ்செழியன் அந்தப்புரத்துக்கு விரைந்துகொண்டிருக்கிறான். வழியில் காலில் விழுந்து, “சிலம்புத் திருடன் அகப்பட்டான்” என்கிறான் தட்டான். விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது. உத்தரவு நடைபாதையிலேயே பிறந்துவிட்டது. சபையில் நாலு பேர் நடுவே கேட்டிருந்தால் யாராவது ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். மதுரை எரிந்ததற்குக் கண்ணகியை மட்டும் காரணம் சொல்லக் கூடாது.

திருப்பரங்குன்றம் வாசகர்: சீன அரண்மனையில் அரவாணி அதிகாரிகள் கொடிகட்டிப் பறந்தார்கள். மதுரைக்கும் அப்படி யாராவது வந்ததுண்டா?

வந்தார், படையோடு! 1311-இல் மதுரைக்கு வந்த மாலிக் கபூர் அலாவுதீன் கில்ஜியின் அரவாணி அடிமை. குஜராத்தில் பிடிபட்டவர், ஆயிரம் தினாருக்கு வாங்கப்பட்டவர் என்று பட்டப்பெயரே உண்டு. இந்தப் படையெடுப்பில் அவருக்குக் கிடைத்த யானைகள் 512 என்று அமீர் குஸ்ரோ கணக்குச் சொல்கிறார். ஆனால் அவருடைய மிகப் பெரிய வெற்றி போர்க்களத்தில் கிடைத்ததன்று. டெல்லியில் நோயாளி சுல்தானின் படுக்கையறை வாசலில் கிடைத்தது. யார் உள்ளே போகலாம், போகக் கூடாது என்று முடிவு செய்பவர் அவரே ஆனார். 1316-இல் சுல்தான் கண்மூடியதும் சுமார் ஒரு மாதம் ஆட்சியைக் கையில் வைத்திருந்தார். பிறகு காவல்காரர்களே அவரை வெட்டினார்கள். அவருக்கும் ஒரு வாசல் இருந்தது. அதை யார் காத்தார்கள் என்று அவர் கவனிக்கவில்லை.

திருமங்கலம் வாசகி: வாரிசுச் சண்டையைத் தடுக்க ராஜாக்களுக்கு வழியே தெரியாதா?

சீனாவில் பேரரசர் யோங்செங் ஒரு வழி கண்டார். தானே பலத்த வாரிசுத் தகராறுக்கு நடுவில் பட்டத்துக்கு வந்தவர், அனுபவசாலி. வாரிசின் பெயரை எழுதி, பெட்டியில் முத்திரையிட்டு, சிம்மாசனத்துக்கு மேலே தொங்கும் பெயர்ப்பலகைக்குப் பின்னால் வைத்துவிட்டார். ராஜா செத்த பிறகுதான் திறக்க வேண்டும். அதுவரை எல்லா மகன்களும் நல்ல பிள்ளைகள்!

பாண்டிய நாட்டில் பெட்டி கிடையாது, அம்மா இருந்தாள். சகோதர அரசர்கள் ஆயுதம் எடுத்தால் தாய் நடுவில் வந்து நின்று, “உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துக்கொள்வேன்” என்று கத்தியைத் தூக்குவாள் என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அவர் வந்து போனது 1290-களில். அதற்குப் பின் அந்தத் தடையும் இல்லை போலும். மாறவர்மன் குலசேகரன், பட்டத்தரசி மகனான சுந்தர பாண்டியனை விட்டுவிட்டு வீர பாண்டியனுக்கு முன்னுரிமை தர, சுந்தரன் தகப்பனையே கொன்றான் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மேலே சொன்ன மாலிக் கபூர் வந்து சேர்ந்தார்.

கூடல் நகர் வாசகர்: பெய்ஜிங் அரண்மனை முழுசாக நிற்கிறது. நம் திருமலை நாயக்கர் மஹால் மட்டும் ஏன் கால்வாசியாக நிற்கிறது?

பெய்ஜிங்கில் 1420-இல் கட்டி முடித்த அரண்மனையை அடுத்து வந்த மஞ்சு வம்சமும் அப்படியே குடியேறிப் பயன்படுத்திக்கொண்டது. இங்கே 1636-இல் தாத்தா கட்டியதைப் பேரன் சொக்கநாதர் பிரித்து, தலைநகரோடு சேர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். மிச்சத்தைக் காலமும் மழையும் பார்த்துக்கொண்டன. 1860-களில் கவர்னர் நேப்பியர் பிரபு கண்ணில் பட்டதால் பழுதுபார்க்கப்பட்டது. பிறகு 1970 வரை கோர்ட்டு நடந்தது. எட்ட நிற்கும் பத்துத் தூண்களைப் பாருங்கள், அரண்மனை எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்று தெரியும். இப்போது அவற்றுக்கு இடையே ஜவுளி வியாபாரம் நடக்கிறது. இன்றைக்கு அங்கே யாருடைய அனுமதியும் இல்லாமல் நுழையலாம். விலை மட்டும்தான் தடுக்கும்.

உசிலம்பட்டி வாசகர்: பேரரசருக்கு மண்டியிட மாட்டேன் என்று சீனாவில் ஓர் ஆங்கிலேயர் மறுத்தாராமே. நம் பக்கம் அப்படி ரோஷக்காரர்கள் உண்டா?

1793-இல் மெக்கார்ட்னி பிரபு சியான்லாங் முன் தலையைத் தரையில் மோதிக் கும்பிட மறுத்து, ஒற்றை முழங்காலோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு நூறு வருஷம் முன்பே நம் சொக்கநாதர் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் (1682–1689) கதை ஒன்று உண்டு. ஔரங்கசீப்பின் செருப்பு அம்பாரியில் ஊர்வலமாக வரும்; சிற்றரசர்கள் எழுந்து வணங்க வேண்டும். நம் ஆள் உடம்பு சரியில்லை என்று செருப்பைச் சபைக்கே வரவழைத்தார். கொண்டுவந்தவர்களை மிரட்டித் தரையில் வைக்கச் சொல்லி, அதில் தன் காலை நுழைத்தார். “உங்கள் பாதுஷாவுக்குப் புத்தி மழுங்கிவிட்டதா? அனுப்புகிறவர் ஜோடியாக அனுப்ப மாட்டாரோ?” என்று கேட்டாராம்.

கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் அவர் அம்மை கண்டு இளவயதில் போன பிறகு, தாயார் மங்கம்மாள் மொகலாயருக்குக் கப்பம் கட்டித்தான் நாட்டைக் காப்பாற்றினார். கதை மகன் பேரில், கணக்கு அம்மா பேரில்.

பேரையூர் வாசகி: ராணி மங்கம்மாளைச் சீனத்துச் சிஷியோடு ஒப்பிடலாமா?

தொடக்கம் ஒன்றுதான். சிஷி, 1861-இல் ஐந்து வயது மகன் பேரில் ஆட்சியைப் பிடித்தவர். மங்கம்மாள், 1689-இல் கைக்குழந்தையான பேரன் விஜயரங்கன் பேரில் ஆட்சியை ஏற்றவர். இருவரும் கணவனை இழந்தவர்கள்; இருவர் வீட்டிலும் முன்பே ஆண்கள் நாட்டைக் கடன்காரனாக்கி வைத்திருந்தார்கள். சிஷி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினார். சிம்மாசனத்தில் பையன், குரல் அம்மாவுடையது. நம் ராணிக்குத் திரை தேவைப்படவில்லை. தளவாய் நரசப்பய்யாவைத் திருவிதாங்கூருக்குக் கப்பம் வாங்க அனுப்பினார். சாலை போட்டார், சத்திரம் கட்டினார். மீனாட்சி கோயில் ஊஞ்சல் மண்டபத்து விதான ஓவியத்தில் பேரனோடு எல்லாரும் பார்க்க நிற்கிறார்.

அதே வாசகி: அந்தப் பேரனே அவரைச் சிறையில் போட்டு, சாப்பாட்டைக் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வைத்துப் பட்டினியால் கொன்றானாமே?

அப்படித்தான் மதுரையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். 1868-இல் நெல்சன் எழுதிய மதுரை மாவட்டக் கையேட்டிலும் ஏறிவிட்டது. அச்சய்யா என்ற அதிகாரியோடு ராணியை முடிச்சுப் போட்டு ஒரு வம்பும் கூடவே வரும். சமகாலச் சான்று எதுவும் இதைத் தாங்கிப் பிடிக்கவில்லை. சீனாவிலும், சிஷி பட்டத்தில் வைத்த குவாங்சூ பேரரசர் அவருக்கு முந்தைய நாள் செத்ததில் நூறு வருஷம் வதந்தி ஓடியது. 2008-இல் குவாங்சூவின் முடியைப் பரிசோதித்து ஆர்சனிக் இருக்கிறது என்றார்கள். நம் ராணி விஷயத்தில் பரிசோதிக்க வதந்தி மட்டும்தான் இருக்கிறது. ஒன்று கவனியுங்கள்: ஆண் ஆண்டால் மஹாலைப் பற்றிப் பேசுகிறோம், பெண் ஆண்டால் படுக்கையறையைப் பற்றிப் பேசுகிறோம்.

வண்டியூர் வாசகர்: மதுரைக்காரர் யாராவது சீன ராஜாவுக்கு வேண்டியவராக இருந்ததுண்டா?

மதுரைக்காரர் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தமிழர் என்று சொல்லலாம். குவான்சோ துறைமுகத்தில் 1281-இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே சிவனை எழுந்தருளச் செய்தவர் சம்பந்தப் பெருமாள் என்பவர். கானின் உத்தரவோடு, கானின் உடல்நலத்துக்காகவே செய்தார். அந்தக் கான் குப்லாய் என்பது ஆய்வாளர்கள் கருத்து. நாள்? சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம். மதுரைக்காரராக இருக்கலாமோ என்று சந்தேகம் வருவது அதனால்தான்!

சோழவந்தான் வாசகர்: தளவாய், பிரதானி, ராயசம், ராஜா. இதில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால் எது உமக்கு?

ராஜா வேண்டாம். கடைசி நாயக்க ராணி மீனாட்சியிடம் சந்தா சாகிப் குர்ஆன் மேல் சத்தியம் செய்தார். துணிக்குள் இருந்தது செங்கல் என்கிறது கதை. 1736-இல் ராணி விஷம் குடித்ததோடு நாயக்கர் ஆட்சி முடிந்தது. தளவாய்க்குப் போர், பிரதானிக்குக் கண், ராயசத்துக்குத் தலை. எல்லாமே ஆபத்தான இனம்.

எனக்கு மங்கம்மாள் சத்திரத்தில் ஒரு மணியக்காரர் வேலை போட்டுக் கொடுங்கள், போதும். ராணி கட்டியதிலேயே உள்ளே வர யார் காதையும் கடிக்க வேண்டாத கட்டடம் அது ஒன்றுதான்.