எந்தக் கோயிலுக்கு வழி கேக்குற?

டேய் பேராண்டி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சர்வரை அணைக்கிறதும் ஏத்துறதுமா இருந்தியே, திருஷ்டி சுத்திப் போட்டியா? அது ஒண்ணுதான் பாக்கி. அதையும் செஞ்சிருந்தா மனசாவது நிறைஞ்சிருக்கும்.

சரி, இப்பிடி பெஞ்சுல குந்து. நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. ஒரு வாரமா இந்த டீக்கடையில குந்திக்கினு நீ போன்ல கத்துறதைக் கேட்டே, வெப்சைட் பேரைக் கேட்டா நம்பரு சொல்ற டிஎன்எஸ்ஸுல பாதி கத்துக்கினேன். மீதிப் பாதி கிரிவலப் பாதை சொல்லிக் குடுத்தது.

பௌர்ணமிக்கு வர்றவன் பதினாலு கிலோமீட்டர்ல பாதி நடந்து அடி அண்ணாமலைக்கு வர்றதுக்குள்ள காலு வீங்கிப்பூடும். "தாத்தா, அண்ணாமலையார் கோயில் எங்க?"ம்பான். நம்ம ஊரு பொடுசுங்களைக் கேட்டா இதோ இருக்கிற ஆதி அருணாசலேஸ்வரரைக் காட்டும். பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரனைக் கேட்டா 217 அடி ராஜகோபுரத்தாண்ட எறக்கி விடுவான். ஒரே பேரு, ரெண்டு பதிலு. ரெண்டும் பொய்யில்ல. வழி தப்பிட்டான்னு யாராவது கோயிலை இடிச்சிக் கட்டுவானா? நீ அதைத்தான் ராத்திரி பூரா பண்ணிக்கினு இருந்த.

ஒங்க ஆபீஸுக்குள்ள விண்டோஸ் சர்வர் ஒண்ணு நாட்டாமை மாதிரி இருக்குதில்ல? ஆக்டிவ் டைரக்டரி வெச்ச அன்னிக்கு எவனோ புண்ணியவான், வெளியில வெப்சைட்டுக்கு இருக்கிற பேரையே உள்ளுக்கும் வெச்சிட்டான். அந்தப் பேருக்குத் தானே அதிகாரின்னு நாட்டாமைக்கு நெனைப்பு. ஊரான் வெப்சைட்டைக் கேட்டா வெளியில போய் விசாரிச்சு வந்து சொல்லும். சொந்தப் பேரைக் கேட்டா மட்டும் ஒருத்தரையும் விசாரிக்காது. தன் நோட்டுல இருந்தா சொல்லும், இல்லன்னா "அப்பிடி ஒரு ஆளே கெடையாது"ன்னு அடிச்சுப் பேசும். போன வாரம் வெப்சைட்டைப் புது ஹோஸ்டிங்குக்கு மாத்தினீங்க. வெளி நோட்டுல நம்பரைத் திருத்தினீங்க. உள் நோட்டை எவன் தொட்டான்? அதான் ஆபீஸுக்குள்ள வெப்சைட் வரலை.

இதுல நீ பண்ண குறுக்குவழி இருக்குதே, அதுக்கு மாலையே போடலாம். எல்லா மிஷின்லயும் ரெண்டாவது டிஎன்எஸ்ஸா கூகுளோட நாலு எட்டைப் போட்ட. முதல் ஆளுக்குத் தெரியலன்னா ரெண்டாவது ஆளைக் கேக்கும்னு கணக்கு. முதல் ஆள் "இல்ல"ன்னு சொன்னா அதுவும் பதில்தாண்டா! அவன் வாயே தொறக்கலன்னாத்தான் அடுத்தவன்கிட்ட போவும். அப்பிடிப் போற அன்னிக்கு ஒங்க ஃபைல் சர்வர், பிரிண்டர் எல்லாம் காணாமப் பூடும். ஒங்க ஆபீஸ் பிரிண்டர் பேரு கூகுளுக்கு இன்னா தெரியும்?

என்எஸ்லுக்கப் போட்டு ஒரே பேரை ரெண்டு பேர்கிட்ட கேளு. மொதல்ல நாட்டாமை, அப்புறம் நாலு எட்டு. நம்பரு வேற வேறயா வந்தா, உள் நோட்டுல டபிள்யூடபிள்யூடபிள்யூக்குப் புது நம்பரை எழுது. அது இல்லாத மொட்டைப் பேரு நாட்டாமையோட சொந்த நம்பரைத்தான் காட்டும். அதுல கை வெச்சிடாத, லாகினே தடுமாறிப்பூடும்.

அவசரத்துல உள் நம்பரை வெளி நோட்டுல எழுதிடாத. 192.168னு ஆரம்பிக்கிறது எல்லா வீட்லயும் இருக்கிற நம்பர். வெளியூர்க்காரன்கிட்ட "கொல்லைப்பக்கம் வா"ன்னு சொன்னா அவன் வீட்டுக் கொல்லைக்குத்தான் போவான்.

அப்புறம், ஏமாத்துற எடம் ஒண்ணு இருக்குது. என்எஸ்லுக்கப் புது நம்பரைச் சொல்லும், பிங் போட்டா பழசு வரும். பேய் பிடிச்சிடுச்சும்ப. ஃப்ளஷ்டிஎன்எஸ் போட்டும் போவலன்னா ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் தொறந்து பாரு. 1983ல பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துல வெச்சிருந்த ஒரே ஒரு பட்டியலைத்தான் எல்லாரும் எறக்கிக்குவாங்களாம். அதோட வாரிசு இன்னும் ஒவ்வொரு மிஷின்லயும் குந்திக்கினு இருக்குது. ஊருக்குப் பெரிய கோயில் வந்தாலும் ஆதிக்குத்தான் முதல் மரியாதை. என்எஸ்லுக்கப் அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது. அதான் கோளாறு கண்ணுல படாது.

டிடிஎல்லையும் பாரு. 86,400 நொடின்னு வெச்சிருந்தீங்க, முழுசா ஒரு நாளு. நேத்து வழி கேட்டவன் இன்னைக்கும் நேத்து வழியிலதான் நடப்பான். மாத்துறதுக்கு முந்தின நாளே 300க்கு எறக்கியிருந்தா வெளியில இருக்கிறவங்களோட ஒப்பாரியாவது அஞ்சு நிமிஷத்துல அடங்கியிருக்கும்.

மூஞ்சியத் தொங்கப் போடாத. பெரிய மனுஷங்களுக்கே வரும். 2021 அக்டோபர் 4ந்தேதி ஃபேஸ்புக்கோட டிஎன்எஸ் சர்வருங்க, தங்ககிட்ட வர்ற பாதையையே தானா வாபஸ் வாங்கிக்கிச்சு. ஆறு மணி நேரம் ஒலகமே வாட்ஸப் இல்லாமக் கெடந்துச்சு. ரிப்பேர் பண்ற ஆளுங்களோட கருவியும் அதே பேரை நம்பித்தான் ஓடுச்சாம். வெளியவும் போச்சு, உள்ளவும் போச்சு. நீ பாதிதான் கெடுத்திருக்க, அதுவே தேவலை.

போன் அடிக்குது பாரு, ஒங்க மேனேஜராத்தான் இருக்கும். "இன்னும் வரலை"ம்பாரு. உடனே சாரி சார் சொல்லி சர்வரை அணைக்கக் கெளம்பாத. ஆபீஸ் வைஃபையில இருக்காரா, செல்லு டேட்டாவுல இருக்காரான்னு மொதல்ல கேளு.

இன்னாது, அவரு மிஷின் ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல அந்தப் பழைய நம்பரை எழுதினதே நீதானா? போன வருஷமா? அதை மெதுவா எழுந்து போய் அந்தப் புளியமரத்தாண்ட நின்னு பேசு, கஸ்டமருங்க இருக்காங்க. டீ ஆறிப்போச்சு. அதுக்கும் சேத்துத்தான் காசு.