பழைய பெஞ்சு, புது நம்பரு

ஏப்பா தம்பி, இங்கிட்டு வா. ஒக்காரு. மொகம் ஏன் வாடிக் கெடக்கு? பதினோராங் கிளாசுக்கே இப்பத்தான் போகப் போற, அதுக்குள்ள காலேஜுல எத்தனை கிரெடிட்டு சேத்துருக்கன்னு எவராச்சும் அங்கிள் கேட்டுட்டாராக்கும்? கேப்பாரு, கேப்பாரு. இந்த டெக்சாஸுக்கு மக வீட்டுக்கு வந்ததுல இருந்து நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். சனிக்கெழம சாயங்காலம் நாலு தமிழ்க் குடும்பம் கூடுனா முன்னெல்லாம் விசா பேசுவாக, வீட்டு வெல பேசுவாக. இப்ப டூயல் கிரெடிட்டு. கிரெடிட்டத்தான் அவர்ஸும்பாக. "உங்க பையன் எத்தனை அவர்ஸ்?" "30 ஆச்சுங்க. உங்க பொண்ணு?" "42 முடிச்சிட்டா." அம்புட்டுத்தான். 30 அவர்ஸ்காரரு கையில எடுத்த வடைய அப்பிடியே தட்டுல வச்சிட்டாரு.

அப்பிடி என்னதான் அதுன்னு பேத்தியக் கேட்டேன். பள்ளிக்கூடமும் பக்கத்துல இருக்குற கம்யூனிட்டி காலேஜும் ஒப்பந்தம் போட்டுக்கிருமாம். ஒரு பாடத்தப் படிச்சா, பள்ளிக்கூடம் முடிக்கவும் அது கணக்கு, காலேஜு பட்டத்துக்கும் அதே கணக்கு. நல்லதுதான? "அப்ப தெனம் பஸ் ஏறி காலேஜுக்குப் போறியாத்தா?"ன்னேன்.

"இல்ல தாத்தா, எங்க ஸ்கூல்லதான். செகண்ட் பீரியடு."

"பாடம் எடுக்குறது யாரு?"

"போன வருஷம் இங்கிலீஷ் எடுத்த அதே மிஸ்."

"ரூமு?"

"அதே ரூமுதான்."

"பெறகு என்னத்தா மாறுச்சு?"

"கோர்ஸ் நம்பர் மாறிருச்சு தாத்தா. இப்ப இங்கிலீஷ் 1301."

பாத்தியா? மிஸ்ஸு அதே மிஸ்ஸு, பெஞ்சு அதே பெஞ்சு. நம்பரு வந்து குந்துனதும் பள்ளிக்கூடம் காலேஜா ஆகிப்போச்சு. இதுல ஒரு சமாச்சாரம் இருக்கு, அதையும் சொல்லிப்புடுறேன். இப்பிடிப் பாடம் எடுக்குற வாத்தியாருக்கு முதுகலைப் பட்டமும், அந்தப் பாடத்துலயே 18 கிரெடிட்டு மேற்படிப்பும் இருக்கணும்னு பொதுவா எதிர்பாக்குறாக. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அப்பிடி வாத்தியாரு அம்புடுவாரா? அம்புடாத ஊருல பிள்ளைக கம்ப்யூட்டரு முன்னாடி ஒக்காந்து படிக்குதுக, இல்லாட்டி கார் இருக்குற வீட்டுப் பிள்ளை மட்டும் காலேஜுக்கே போயிட்டு வருது.

நேத்து மொளச்ச யோசனைன்னு நெனச்சுப்புடாத. நியூயார்க் மாநிலத்துல சிரக்யூஸ் பல்கலைக்கழகம் 1972லயே ஆரம்பிச்சிருச்சு. எதுக்குங்குற? பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷத்துல கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வேலையில்ல, போரடிச்சுக் கொட்டாவி விடுதுகன்னு அந்த ஊரு ஹெட்மாஸ்டருமாரு போயிச் சொன்னாக. சரி, காலேஜுப் பாடத்த அங்கயே கொண்டாந்து குடுப்போம்னு பல்கலைக்கழகத்துக்காரவுக ஏற்பாடு பண்ணுனாக. பெறகு 1985ல மினசோட்டா மாநிலம் சட்டமே போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை காலேஜுலயே போயிப் படிக்கலாம், செலவ அரசாங்கம் பாத்துக்கிரும்னு சொல்லிருச்சு. கொட்டாவிக்குன்னு கண்டுபிடிச்ச மருந்து. இன்னைக்கு என்னாச்சு? கொட்டாவி விடக்கூட நேரமில்லாம அலையுது எம் பேத்தி. மே மாசம் காலேஜுத் தரத்து ஏபி பரீட்சை ஒரு பக்கம், டூயல் கிரெடிட்டு ஒரு பக்கம், வயலின் கிளாசு ஒரு பக்கம்.

இந்தக் கிரெடிட்டு எங்கருந்து வந்துச்சுன்னு தெரியுமா ஒனக்கு? தெரியாது. ஒங்கப்பனுக்கும் தெரியாது. இரும்புல கோடி கோடியாச் சம்பாரிச்ச ஆண்ட்ரூ கார்னகின்னு ஒரு மனுசன். காலேஜு வாத்தியாருக வயசான காலத்துல கஷ்டப்படுறாகளேன்னு 1905ல ஒரு கோடி டாலர எடுத்து பென்ஷனுக்குன்னு வச்சாரு. காச எந்தக் காலேஜுக்குக் குடுக்குறது? எவன் வேணும்னாலும் போர்டு மாட்டிக்கிட்டு காலேஜும்பானே! அதுக்கு ஒரு அளவு வச்சாக. பள்ளிக்கூடத்துல ஒரு பாடத்த வருஷத்துக்கு 120 மணி நேரம் படிச்சா ஒரு யூனிட்டு. அந்த மாதிரி 14 யூனிட்டு படிச்ச பிள்ளையச் சேத்துக்கிற காலேஜுக்குத்தான் பென்ஷன். பென்ஷன் ஆசையில அம்புட்டுக் காலேஜும் அந்த அளவுக்குள்ள வந்து நின்னுச்சு. காலேஜுப் படிப்பையும் பெறகு மணிக்கணக்குலயே அளக்கப் பழகிட்டாக.

அதுனாலதான் சொல்றேன், கிரெடிட்டுங்குறது படிச்ச படிப்புக்கு அளவில்ல, ஒக்காந்த நேரத்துக்கு அளவு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிளாசு, வெளிய ரெண்டு மணி நேரம் வேல, ஒரு பருவம் முழுக்க இப்பிடிப் போனா ஒரு கிரெடிட்டு. 120 சேந்தா பட்டம். ஒக்காந்ததுக்கெல்லாம் குடுப்பாகன்னா, எங்கூரு டீக்கடை வாசல்ல ஒக்காந்ததுக்கு எனக்கு எந்தப் பல்கலைக்கழகம் பாக்கி வச்சிருக்குன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன்.

போகட்டும். சேத்து வச்ச கிரெடிட்டு எங்க செல்லும்? இதக் கேக்காமத்தான் முக்காவாசிப் பேரு கையெழுத்துப் போடுறாய்ங்க. உசிலம்பட்டிப் பக்கம் மொய் நோட்டப் பாத்துருக்கியா? இன்னாரு வீட்டுக் காதுகுத்துக்கு நீ ஆயிரம் எழுதுனா, ஒங்க வீட்டு விசேசத்துக்கு அவரு ஆயிரத்துக்கு மேல எழுதுவாரு. அதையே வச்சுக்கிட்டு அடுத்த தாலுகாவுல முன்னப்பின்னத் தெரியாதவன் வீட்டுக்குப் போயி, 'நான் அங்க ஆயிரம் எழுதிருக்கேன், நீ எனக்கு எழுது'ன்னா விடுவானா? இதுவும் அதேதான். டெக்சாஸ் அரசாங்கக் காலேஜுகளுக்குள்ள 42 அவர்ஸுக்குப் பொதுப் பாடத் தொகுப்பு ஒண்ணு இருக்கு. அத ஒரு காலேஜுல முழுசா முடிச்சா, மாநிலத்துல இருக்குற வேற எந்த அரசாங்கக் காலேஜும் ஏத்துக்கிரணும். அது சொந்தபந்தம். வெளி மாநிலத்துப் பெரிய தனியார் பல்கலைக்கழகம்னா? "எங்க நோட்டுல ஒம் பேரே இல்லையேப்பா"ன்னுருவான். பள்ளிக்கூடத்துக் கட்டடத்துலயே நடந்த கிளாசு, பள்ளிக்கூடம் முடிக்கவும் கணக்குல வந்த கிளாசுன்னா தொடக்கூட மாட்டோம்னு சொல்ற எடமெல்லாம் இருக்கு. வடைய வைக்க வச்சாரே, அந்த 42காரரு, அவரு பொண்ணுக்குக் கண்ணு பூராவும் அந்த மாதிரி எடத்து மேலதானாம்!

ஏத்துக்கிட்டாலும் வில்லங்கம் தீராது. எஞ்சினியரிங் போறவன்கிட்ட கால்குலஸ் கேப்பான், பிசிக்ஸ் கேப்பான். இவன் கையில சைக்காலஜியும் சோஷியாலஜியும் நெறஞ்சு கெடக்கும். சந்தோசமா வாங்கி, எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம்னு ஒரு மூலையில போட்டுருவாய்ங்க. நாலு வருஷம் நாலு வருஷமாவே நிக்கும். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாக?

இன்னொண்ணையும் காதுல போட்டுக்க. பள்ளிக்கூடத்துப் பரீட்சையில கொறஞ்சா அது பள்ளிக்கூடத்தோட போச்சு. இது காலேஜு ட்ரான்ஸ்கிரிப்ட்டு, அழியாது. 16 வயசுல, காய்ச்சல்ல கெடந்தோ காதல்ல கெடந்தோ ஒரு சி வாங்கிட்டன்னு வையி. ஆறு வருஷங் கழிச்சு டாக்டருக்குப் படிக்க விண்ணப்பம் போடயில அந்த சி-யும் ஒங்கூட வந்து வாசல்ல நிக்கும். பள்ளிக்கூட காலத்துல எடுத்த காலேஜு மார்க்கையும் சேத்துத்தான் அங்க ஜிபிஏ கூட்டுறாக. டாக்டராக்கணும்னு துடிக்கிற அப்பன் ஆத்தாதான் ஒம்போதாவது படிக்கிற பிள்ளைய இதுல தள்ளிவிடுறாகன்னா, சிரிக்கிறதா அழுகுறதா?

சிரிக்கிறதுக்கும் ஒண்ணு இருக்கு. 1974ல போட்ட சட்டம் ஒண்ணு. காலேஜுல பேரு பதிஞ்சிட்டா, வயசு என்னவா இருந்தாலும் அந்தக் காலேஜு மார்க்கு யாருக்குத் தெரியணும்ங்குறது பிள்ளையோட உரிமை. எம் மருமகன் காலேஜுக்கு போனப் போட்டு "என் பொண்ணு கிரேடு என்ன?"ன்னு மிடுக்காக் கேட்டாரு. "உங்க பொண்ணு சம்மதம் எழுதிக் குடுத்துருக்காங்களா?"ன்னு அங்கிட்டு இருந்து ஒரு அம்மா கேட்டுச்சு. பல்லுத் தேய்க்கக் கூட நாலு தடவ சொல்லணும் அந்தப் பிள்ளைக்கு. அதுகிட்ட இவரு அனுமதி கேக்கணுமாம். அன்னைக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்குனேன்.

அதுக்காக இது பூராவும் வெட்டி வேலைங்குறேன்னு எடுத்துக்கிராத. வீட்டுலயே மொதல் தடவையா காலேஜு வாசல மிதிக்கப்போற பிள்ளைக்கு இது பெரிய வெசயம். காலேஜுன்னா ஒண்ணும் பேயில்ல, நம்மளும் எழுதித் தேறலாம்னு பள்ளிக்கூடத்துலயே தெம்பு வருது. இப்பிடிப் படிச்சதுக காலேஜுக்குப் போறதும், போயி முடிக்கிறதும் கூடுதலா இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணுனவுகளும் சொல்றாக. 2023ல இந்த டெக்சாஸ்ல ஒரு சட்டம் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல இலவசமாவோ கொறஞ்ச வெலைக்கோ சாப்பாடு வாங்கத் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு, திட்டத்துல சேந்த காலேஜுகள்ல டூயல் கிரெடிட்டுக்குக் காசே கெடையாது. அது நாயம். ஆனா கிரெடிட்டு சாஸ்தியாக் குமியிறது எந்த வீட்டுல? ரெண்டு காரு நிக்கிற வீட்டுல.

ஏன்னு கேளு. ரேங்க்கு! 1997ல போட்ட சட்டத்துப்படி, பள்ளிக்கூடத்துல மேல் 10 சதவீதத்துக்குள்ள வந்த பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகத்துல தானா எடம். ஆஸ்டின்ல இருக்குறது மட்டும் கூட்டம் தாங்காம அத இன்னும் சுருக்கிருச்சு. அந்த ரேங்க்குக்கு எந்த கிளாசுக்கு எம்புட்டு வெயிட்டுன்னு டிஸ்ட்ரிக்ட்டுக்கு டிஸ்ட்ரிக்ட்டு ஒரு கணக்கு. எங்க தெரு அப்பனுகளுக்கு அந்தக் கணக்கு தலைகீழாத் தெரியும். பிள்ளைக்கு என்ன பாடம் பிடிக்கும்னு கேளு, மோட்டப் பாப்பாய்ங்க.

எதுத்த வீட்டுப் பயகிட்ட கேட்டேன்: "ஏன்டா இம்புட்டு அவசரம்?" "காலேஜ மூணு வருஷத்துல முடிச்சிருவேன் தாத்தா." "முடிச்சு?" "மாஸ்டர்ஸ்." "அதையும் முடிச்சு?" கொஞ்ச நேரம் யோசிச்சான். "ரிலாக்ஸ் பண்ணுவேன்"ங்குறான். ஏன்டா, அத இப்பவே பண்ணுனா எவன்டா வேணாங்குறான்?

போன மே மாசம் ஒரு வீட்டுல பையனுக்குக் காலேஜுப் பட்டமளிப்பு. ரெண்டு வருஷப் பட்டம். அந்தக் கேக்குத் தீந்து கொஞ்ச நாள்லயே, அதே பையனுக்குப் பள்ளிக்கூடப் பட்டமளிப்பு. அங்கியும் தொப்பியும் மாட்டி ரெண்டு தடவ போட்டோ. ரெண்டுக்கும் கவரு வைக்கணுமான்னு மகளக் கேட்டேன். "சும்மா இருங்கப்பா"ன்னுட்டா. ரெண்டுக்கும்தான் வச்சோம்.

சரி, நேரமாச்சு. பள்ளிக்கூடத்துக் கவுன்சிலரப் பாக்கத்தான கெளம்புன? நீ போகணும்னு நெனைக்கிற காலேஜுப் பேரு, படிக்கணும்னு நெனைக்கிற படிப்பு, ரெண்டையும் சொல்லி, இந்தக் கிளாசு அங்க எதுக்குச் செல்லும்னு கேளு. எந்தத் தேதிக்குள்ள வெலகுனா ட்ரான்ஸ்கிரிப்ட்டுல பாதியில வெலகுனான்னு டபிள்யூ விழாதுன்னும் கேளு. இன்னும் எந்தப் படிப்புன்னே தெரியலையா? அதையும் கூச்சப்படாமச் சொல்லு. ஒங்கப்பாவையும் கூட்டிட்டுப் போ, வேணாங்கல. வெளிய நாற்காலி போட்டிருப்பாக, அதுல ஒக்கார வையி.