பாஸ்டன் வீடு, ஹவாய் வெயில்

1819 அக்டோபரில் பாஸ்டனிலிருந்து 'தாடியஸ்' கப்பலேறிய அமெரிக்க மிஷனரிக் குடும்பங்கள், ஐந்து மாதம் கடலில் குடல் புரண்டு, 1820இல் ஹவாய்த் தீவுகளை எட்டின. கம்பளி உடுப்பும் பனிதேசத்துப் பழக்கங்களும் பத்திரமாகக் கூடவே வந்தன.

குடியேற அனுமதி கிடைக்கும் முன்பே, மறைந்த அரசர் கமேஹமேஹாவின் மனைவியரில் ஒருவரான கலாகுவா, தனக்கும் மிஷனரிப் பெண்கள் உடுத்தியதுபோல் ஒரு கவுன் வேண்டும் என்றார். மிஷனரி அம்மாக்கள் கப்பல் மேல்தளத்திலேயே ஊசிநூலோடு உட்கார்ந்தார்கள். பிரசங்கத்துக்கு முன்னால் தையல் அரங்கேறியது.

அடுத்து வீடு. காற்றோட்டமான உள்ளூர்ப் புல்வீடு கௌரவத்துக்குச் சரிப்படுமா? பாஸ்டனில் அளவெடுத்து அறுத்த மரங்கள், தென்னமெரிக்க முனையைச் சுற்றிக்கொண்டு கப்பலில் வந்தன. 1821இல் ஹொனலுலுவில் வீடு எழும்பியது. வராத பனிக்காற்றுக்குப் பயந்து சின்னச் சின்ன சன்னல்களோடு.

பிள்ளைகள் விஷயம்தான் பெரிய தலைவலி. ஊரைத் திருத்த வந்தவர்கள், ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்தால் தம் பிள்ளைகள் கெட்டுவிடுமே என்று கலங்கினார்கள். மிஷனரிப் பிள்ளைகளுக்கென்றே 1841இல் புனாஹோ பள்ளி பிறந்தது.

போகப் போக நன்றாகவே பழகிக்கொண்டார்கள். மிஷன் ஊழியர்களாக இருந்த காசிலும் குக்கும் 1851இல் தொடங்கிய வியாபாரம் சர்க்கரைச் சாம்ராஜ்யமாக வளர்ந்தது. 1893இல் ராணி லிலியுஓகலானியின் ஆட்சி கவிழ்ந்ததும் தலைமைப் பொறுப்பேற்ற சான்ஃபோர்டு டோல், ஒரு மிஷனரியின் மகன். புது ஊரில் ஒட்டிக்கொள்வது கஷ்டம்தான். ஊரையே எடுத்துக்கொண்டால் அந்தக் கஷ்டம் தீர்ந்துவிடுகிறது.