ஐந்து மாதம் முந்தியே திட்டமிடுகிறவர்கள்

காட்டுக்குள் குடும்பத்தோடு போய்த் தங்கும் ஒழுங்கில், கனடாத் தமிழரே, உங்களை வெல்ல ஆளில்லை. ஒன்ராறியோவின் அல்கோன்குயின் பூங்கா 1893இல் தொடங்கியது. அங்கே ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கவோ வீட்டுவண்டியை நிறுத்தவோ விரும்புகிறவர் ஐந்து மாதம் முந்தியே இடம் பதியலாம். நல்ல இடங்கள் பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே போய்விடும் என்பதால், காலை ஏழு மணிக்கே கணினிக்கு முன்னால் குந்தி விடுகிறீர்கள். விறகைக்கூட வீட்டிலிருந்து ஏற்றிப் போவதில்லை. மரத்தைத் துளைக்கும் வண்டு விறகோடு சேர்ந்து பயணம் செய்யும் என்று பூங்காக்காரர் சொன்னதைக் கேட்டு, அங்கேயே காசு கொடுத்து வாங்குகிறீர்கள். கரடி மணம் பிடிக்கும் என்று மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் காருக்குள் வைத்துப் பூட்டுகிறீர்கள். உட்காட்டு ஏரிகளுக்குத் தோணியில் போகிறவர்கள் தகரப் பேணியும் போத்தலும் கொண்டுபோகக் கூடாது; நீங்கள் கொண்டுபோவதில்லை. இரவு நேரம் போன பிறகு உங்கள் கூடாரத்தில் குரல் எழும்பாது. புறப்படும் காலையில் அடுப்புக் குழியில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சூடு இல்லையென்று கண்ட பிறகுதான் வண்டி ஏறுகிறீர்கள். போய்ச் சேர்ந்த நாட்டின் காட்டை இப்படி மதிக்கிற மக்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆடி ஆவணியில் பள்ளிக்கூட விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் சேர்ந்து வர, அதே குடும்பங்கள் யாழ்ப்பாணம் வருகின்றன. பிள்ளைகளுக்கு ஊர்க் காட்டையும் காட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் ஒரு ஹயஸ் வான் பிடித்துச் சுண்டிக்குளம் புறப்படுகிறார்கள். அங்கே ஐந்து மாதம் எடுத்த திட்டம் இங்கே முதல்நாள் இரவு வட்ஸ்அப்பில் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது. ஆட்டிறைச்சி யார் வாங்குவது, ஸ்பீக்கர் யாரிடம் இருக்கிறது, போத்தல் எத்தனை என்பதெல்லாம் தீர்மானமாகிவிடும். அனுமதி யாரிடம் கேட்பது என்ற ஒன்றைத்தான் ஒருவரும் எழுப்புவதில்லை. சொந்த ஊரில் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று நினைப்பது ஊர்ப்பாசத்தின் உச்சம்.

அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குடாநாடு வன்னிப் பெருநிலத்தோடு ஒட்டும் இடுப்பில், ஆனையிறவுக்குக் கிழக்கே விரிந்து கிடக்கிறது சுண்டிக்குளக் கடல்நீரேரி. இரணைமடுவிலிருந்து வரும் கனகராயன் ஆறு அதில்தான் விழுகிறது. கண்டலும் தாழையும் பனையும் பற்றைக்காடும் கரையைச் சூழ்ந்திருக்கின்றன. 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015 ஜூனில் தேசிய பூங்காவாக உயர்ந்தது; பரப்பு ஏறத்தாழ 19,500 ஹெக்டேயர். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைய, வடக்கேயிருந்து ஊசிவால் வாத்துகளும் மூக்கன்களும் வந்து இறங்கும். பூநாரைகள் கூட்டமாக ஆழமில்லாத நீரில் நின்று, தலையைக் கவிழ்த்துச் சேற்றை வடித்து இரை எடுக்கும். ஆடியில் இதில் எதுவும் இல்லை. நீர் வற்றி, சேறு வெடித்து, உப்புப் பூத்துக் கிடக்கும். பறவை பார்ப்பதற்கு வலசைப் பறவை இல்லாத மாதத்தைத் தேர்ந்திருக்கிறீர்கள். பறவைகளுக்கு நீங்கள் செய்யும் உதவிகளில் இதுவே பெரிது.

உங்கள் துணிவையும் சொல்ல வேண்டும். பளைப் பக்கம் போகும் வழியில் முகமாலை வருகிறது. இலங்கையின் மிகப் பெரிய கண்ணிவெடி வயல்களில் ஒன்று அது. ஆண்டுக்கணக்காக அங்கே மண்ணை அங்குலம் அங்குலமாகத் தடவி வெடி எடுக்கிறார்கள். அவர்களில் பலர் எங்கள் ஊர்ப் பெண்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு கீறி வைத்திருப்பது அவர்கள் கை இன்னும் படாத நிலத்துக்கு. அல்கோன்குயினில் கரடி என்ற ஒரு சொல்லுக்காகச் சோற்றைப் பூட்டி வைத்த தகப்பன், பளையைத் தாண்டியதும் வானை நிறுத்தி, நல்ல வெளிச்சம் என்று பிள்ளைகளைப் பற்றைக்குள் இறக்கிப் படம் எடுக்கிறார். வெடி எடுத்த இடமா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கும் அளவுக்குக்கூட அவருக்குப் பயம் இல்லை.

சமையலில் கைவண்ணத்துக்குக் குறைவில்லை. காவோலையும் பன்னாடையும் நிலத்தில் உதிர்ந்து கிடந்தாலும், அவை பொசுக்கென்று எரிந்து முடிந்துவிடுகின்றன என்று பக்கத்து வடலியை வெட்டிப் போடுகிறீர்கள். பனை பாளை விடப் பதினைந்து ஆண்டு, சில மரத்துக்கு அதற்கும் மேலே வேண்டும். போரில் ஷெல்லுக்கும் பதுங்குகுழிக்குமாகப் போன பனைகளுக்குப் பிறகு தானாக முளைத்து நிற்கிற வடலிகள் இவை. தேசிய பூங்காவில் மரம் வெட்டுவதும் நெருப்பு மூட்டுவதும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். கூழ் கொதிக்கும் வாசத்தில் அதையெல்லாம் நினைக்காமல் இருக்க உங்களால் முடிகிறது.

தாராளத்தில் உங்களுக்கு ஈடில்லை. கொண்டு வந்ததில் பாதியை அந்தக் கரைக்கே விட்டுப் போகிறீர்கள். லஞ் சீற் பாவிப்பதை இலங்கை 2017 செப்டெம்பரில் தடை செய்தது. இருந்தும் கடைக்காரர் அதில் கட்டித் தருகிறார், நீங்கள் வாங்குகிறீர்கள். சோடாப் போத்தலும் ரிஜிபோம் பெட்டியும் சேர்ந்து கண்டல் வேரில் சிக்கிக் கிடக்க, அடுத்த மாரியில் அவை ஏரிக்குள் இறங்குகின்றன. இறால் பிடிக்க வலை போடுகிறவர் அவற்றைத்தான் முதலில் பொறுக்கி எடுக்கிறார். சோறு மிஞ்சினால் அதையும் கொட்டுகிறீர்கள். வந்து சேர்கிற நாய்களுக்குக் கரையோர நிலத்தில் முட்டையிடும் பறவைகளின் இடமும் அப்படியே பழகிவிடுகிறது.

திரும்பும் வழியில் வானின் உப்பைக் கழுவ ஒரு வீட்டுக் கிணற்றடியில் நிறுத்துவதும் உண்டு. நல்ல தண்ணீருக்கு அந்தப் பக்கத்து மக்கள் எவ்வளவு அலைகிறார்கள் என்பதைத் தாளையடி சொல்லும். 2024 ஆகஸ்டில் திறந்த, நாளுக்கு 24,000 கனமீற்றர் வரை கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அங்கேதான் இருக்கிறது. கடலையே வடித்துக் குடிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட குடாநாட்டில், வானைக் குளிப்பாட்ட நல்ல தண்ணீரைத் தேடிப் பிடிக்கிறீர்களே, அது சாமானியத் தேடலா?

மார்கழியில் வருகிற சிலர் ட்ரோனும் கொண்டு வருகிறார்கள். பூங்காவுக்குள் அதற்குத் தடை என்றாலும் பூநாரைகளை எழுப்ப அதைவிடச் சிறந்த கருவி இல்லை. பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது. நீரில் ஓடித்தான் எழும்ப வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் அது சேற்றை வடித்துச் சேர்த்த பலம் செலவாகிறது. உங்கள் படத்தில் சிவந்த சிறகுகள் அழகாக விரிகின்றன.

உடன்வரும் உள்ளூர் உறவுகளின் பண்பும் குறைவானதல்ல. பிளேன் காசு கொடுத்து வந்த அண்ணை, அக்காவின் மனம் நோகக் கூடாது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. வனசீவராசிகள் திணைக்களத்தின் கண்ணும் கூர்மையானது. கடல்நீரேரியில் தொழில் செய்கிறவரும் கரையில் காணி உள்ளவரும் தங்கள் இடம் பூங்கா எல்லைக்குள் போய்விட்டது என்று முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய வலையைக் காணும் அந்தக் கண்ணுக்கு ஸ்பீக்கர் கட்டிய வான் மட்டும் தெரிவதில்லை.

மார்கழிக் கடைசியில் ஏரி நிறைந்திருக்கும். கனடாவிலும் அப்போது விடுமுறைதான். ரிக்கெட் விலை கூடுதல். ஆனால் ஐந்து மாதம் முந்திப் பதியத் தெரிந்தவர்களுக்கு முந்தியே வாங்குவது புதிதல்ல. திணைக்களத்திடம் முதலே அனுமதி கேட்கலாம், வாழையிலையில் சோறு கட்டலாம், ஊர் மீனவர் ஒருவரைக் காசு கொடுத்து வழிகாட்டியாக அழைக்கலாம், குப்பையை அதே வானில் திருப்பி ஏற்றலாம். அல்கோன்குயினில் உங்கள் பிள்ளைகள் இத்தனையையும் உங்களைப் பார்த்துத்தான் பழகினார்கள். சுண்டிக்குளத்திலும் அவர்கள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.